மருந்தடிக்கும் மிஷின் ஸ்பேர்ஸ் எல்லாமே 8424 90 தானே? க்வெரி வந்து சரக்கு நிற்கிறது

#1 பொள்ளாச்சி_ஸ்பேர்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். ஸ்ப்ரேயர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். இத்தனை வருடமும் வடக்கே உள்ள மொத்த வியாபாரிகளிடம்தான் வாங்கினேன். இந்த முறைதான் துணிந்து சீனாவிலிருந்து நேரடியாக இறக்கினேன். முழு கன்டெய்னர் இல்லை, எல்சிஎல் (மற்றவர் சரக்கோடு ஒரே கன்டெய்னரில் பங்கு).

உள்ளே இருப்பவை: 16 லிட்டர் பேட்டரி ஸ்ப்ரேயருக்கான 12 வோல்ட் பம்பு, டேங்க், மூடி, லான்ஸ் (மருந்து பீய்ச்சும் நீளக் குழல்), ட்ரிகர், நாசில், பிளாஸ்டிக் பைப், ஓ-ரிங், வாஷர், பம்புக்குள் வரும் ரப்பர் டயாஃப்ரம். சப்ளையர் இன்வாய்ஸில் எல்லாவற்றையும் ஒரே வரியில் ‘விவசாயத் தெளிப்பான் பாகங்கள்’ என்று எழுதி, சுங்க வரிப் பட்டியலில் ஸ்ப்ரேயர் பாகங்களுக்கு உள்ள 8424 90 என்ற எண்ணைப் போட்டுவிட்டார். புரோக்கரும் அதையே பில் ஆஃப் என்ட்ரியில் (சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதி அறிவிப்பு) ஏற்றிவிட்டார்.

இப்போது சுங்க அதிகாரியிடமிருந்து க்வெரி. பொருள் வாரியாகப் பிரித்துக் காட்டு, கேட்டலாக் கொடு, பம்பு ஏன் 8413 இல்லை, ட்ரிகர் ஏன் 8481 இல்லை, ரப்பர் சாமான் ஏன் 4016 இல்லை என்று கேட்கிறார்கள். இவை எல்லாம் ஸ்ப்ரேயருக்கென்றே செய்தவை, வேறு எதிலும் மாட்டாது. அப்புறம் எப்படி ஸ்ப்ரேயர் பாகம் இல்லை என்று ஆகும்? என் புரோக்கர் ‘சொன்னதை ஏத்துக்கிட்டு வாங்க’ என்கிறார். காரணம் தெரியாமல் ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை.

#2 எட்டணா

தலைவரே, நான் எட்டு வருடமாக இதே சரக்கைத்தான் கொண்டுவருகிறேன். மொத்தமும் 8424 90. ஒரு நாளும் யாரும் கேட்டதில்லை. புது ஆள் என்று பார்த்துச் சோதிக்கிறார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

#3 கரைக்காவலன்

கஸ்டம்ஸ் புரோக்கர், தூத்துக்குடி. இருபத்திரண்டு வருடமாக இதே பிழைப்பு. பொள்ளாச்சி அண்ணன் கேட்டது நல்ல கேள்வி. ‘எதற்காக வாங்கினேன்’ என்பதை வைத்துப் பாகத்தின் தலைப்பு, அதாவது அந்த நாலு இலக்க எண், முடிவாவதில்லை. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

8424 என்பது தெளிக்கும், பீய்ச்சும் கருவிகளுக்கான தலைப்பு. இது டாரிஃப் புத்தகத்தில் செக்‌ஷன் 16-க்குள் வருகிறது. அந்த செக்‌ஷனின் வாசலிலேயே குறிப்புகள் இருக்கின்றன. பலர் அவற்றைத் தாண்டிப் போய் நேராக 8424 90-ஐப் பார்க்கிறார்கள். படிக்க வேண்டிய வரிசை இது.

முதலில் குறிப்பு 1. இந்த செக்‌ஷனுக்குள்ளேயே வரக்கூடாதவை எவை என்று அது சொல்கிறது. மெஷினில் பயன்படும் வல்கனைஸ் செய்த ரப்பர் சாமான்கள் அதில் இருக்கின்றன. ஆகவே உங்கள் ஓ-ரிங், ரப்பர் வாஷர் இரண்டும் 4016 93. டயாஃப்ரமும் 4016 தான். ‘அது அந்த ஒரு பம்பில் மட்டும்தானே மாட்டும்’ என்பீர்கள். உண்மைதான், ஆனால் வாசலில் நிறுத்தப்பட்ட ஆளிடம் உள்ளே எந்த நாற்காலி என்று யாரும் கேட்பதில்லை. போல்ட், நட், ஸ்பிரிங் போன்ற பொதுப் பயன்பாட்டுப் பாகங்களும் அப்படித்தான். இரும்பு என்றால் 7318, 7320. அதே மாதிரிச் சாமான் பிளாஸ்டிக்கில் வந்தால் 39-ஆம் அத்தியாயம்.

அடுத்தது குறிப்பு 2-ஏ. ஒரு பாகத்துக்கு 84 அல்லது 85-ஆம் அத்தியாயத்தில் சொந்தமாகத் தலைப்பு இருந்தால், அது எந்த மெஷினுக்குப் போனாலும் சொந்தத் தலைப்புதான். ‘எல்லா நிலையிலும்’ என்று அழுத்தமாகவே எழுதியிருக்கிறது. சில தலைப்புகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. பம்புக்கு 8413, வால்வுக்கு 8481, மோட்டாருக்கு 8501, பேட்டரிக்கு 8507, சார்ஜருக்கு 8504.

இந்த இரண்டு சல்லடையிலும் தங்காமல் விழுவதுதான் குறிப்பு 2-பி. அங்கேதான் ‘இந்த மெஷினுக்கு மட்டுமே, அல்லது முக்கியமாக இதற்கே’ என்ற உங்கள் வாதம் வருகிறது. நீங்கள் கடைசிப் படியிலிருந்து ஆரம்பித்துவிட்டீர்கள்.

பைப்பை மறந்துவிட்டேன். பிளாஸ்டிக் என்றால் 3917, ரப்பர் என்றால் 4009.

#4 வரப்போரம்

கம்பம் பக்கம் திராட்சைக்கு மருந்தடிக்கிற மிஷின்களைப் பழுது பார்ப்பவன் நான். டாரிஃப் கீரிஃப் எல்லாம் தெரியாது. ஆனால் அந்த 12 வோல்ட் பம்பு ‘வேறு எதிலும் மாட்டாது’ என்று அண்ணன் சொல்வது சரியில்லை. அதே பம்பை வண்டி கழுவுகிற இடத்தில் பார்த்திருக்கிறேன், மீன் தொட்டிக்காரர் ஒருவர் கேட்டு வாங்கிப் போனார். ரெண்டு ஒயரும் ரெண்டு நிப்பிளும் இருந்தால் தண்ணீர் தள்ளும், அவ்வளவுதான்.

ட்ரிகரைப் பிரித்துப் பாருங்கள். ஒரு ஊசி, ஒரு ஸ்பிரிங், ஒரு சீல். அமுக்கினால் திறக்கும், விட்டால் மூடும். அது குழாய்தான். கைப்பிடி வைத்த குழாய்.

#5 கரைக்காவலன்

வரப்போரம் அண்ணே, நான் ஒரு பக்கம் எழுதியதை நீங்கள் நாலு வரியில் முடித்துவிட்டீர்கள். க்வெரிக்குப் பதில் எழுதும்போது இப்படிப் பொருளைப் பிரித்துப் பார்த்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் பாதி வேலை குறையும்.

#6 பொள்ளாச்சி_ஸ்பேர்ஸ்

சரி, பம்பும் ரப்பரும் புரிந்தது. அப்படியானால் 8424 90-இல் என்னதான் மிஞ்சும்? டேங்க் கூட பிளாஸ்டிக் பாத்திரம் என்று 3923-க்குப் போய்விடுமா?

#7 கரைக்காவலன்

போகாது. இங்கேதான் நீங்கள் தைரியமாக நிற்க வேண்டும்.

உலக சுங்க அமைப்பு வெளியிடும் விளக்கக் குறிப்புகளில் 8424-க்கான பகுதியை எடுத்துப் பாருங்கள். தெளிப்பானின் டேங்க், நாசில், லான்ஸ், 8481-இல் சேராத சுழல் தெளிப்புத் தலை ஆகியவை இந்தத் தலைப்பின் பாகங்கள் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் டேங்கைப் பெட்டி, டப்பா என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கத்தை அப்லோட் செய்யுங்கள். தோள்வார் மாட்ட இடம், பம்பு உட்காரப் பள்ளம், அடியில் பேட்டரிக் கூடு என்று வார்த்த டேங்கில் யாரும் அரிசி போட்டு வைக்கப் போவதில்லை.

மூடியும் 8424 90 தான் என்பது என் கருத்து. ஸ்ப்ரேயருக்கென்றே திருகு வெட்டி, காற்றுத் துளை விட்டு, அடியில் வடிகட்டி உட்காரும்படி செய்திருந்தால் அது அந்த மெஷினின் உறுப்பு. வெறும் டப்பா மூடி மாதிரி இருந்தால் வாதம் பலவீனமாகும். போட்டோ எடுத்து வையுங்கள்.

லான்ஸும் நாசிலும் தனித்தனியாக வந்தால் சந்தேகமே இல்லை. ட்ரிகர், லான்ஸ், நாசில் மூன்றும் பொருத்தப்பட்டு ஒரே பொருளாக வந்தால் அது லான்ஸ் அசெம்ப்ளி. நான் 8424 90 என்று போட்டுத்தான் எடுத்திருக்கிறேன். சிலர் அதை ஸ்ப்ரே கன் என்று 8424 20-க்கு இழுப்பார்கள். காற்று லைனில் மாட்டும் பெயின்ட் கன் வகைக்கு உள்ள தலைப்பு அது, நம் லான்ஸுக்கு ஒட்டவில்லை. ட்ரிகர் மட்டும் தனி அட்டைப்பெட்டியில் வந்தால் 8481, மறுபேச்சில்லை.

#8 எட்டணா

எல்லாம் சரி. சுப்ரீம் கோர்ட் 2021-இல் வெஸ்டிங்ஹவுஸ் சாக்ஸ்பி வழக்கில் என்ன சொன்னது? ரயில்வே சிக்னலுக்குப் போகும் ரிலேவை (ஒரு வகை மின்சுவிட்ச்) 8536 என்று இலாகா சொன்னது. இல்லை, அது முக்கியமாக ரயில்வே சிக்னலில்தான் பயன்படுகிறது, ஆகவே 8608 என்று கோர்ட் தீர்ப்புக் கொடுத்தது. ரிலேவுக்கு சொந்தத் தலைப்பு இருந்தும் பயன்பாடுதான் ஜெயித்தது. பம்புக்கு மட்டும் என்ன?

#9 கரைக்காவலன்

இதைக் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். தீர்ப்பு உண்மைதான். ஆனால் அங்கே பேசப்பட்டது செக்‌ஷன் 17. வண்டி, ரயில், விமானம், கப்பல் வருகிற இடம். அதன் குறிப்பு 3-இல் உள்ள ‘மட்டுமே அல்லது முக்கியமாக’ என்ற சோதனையை வைத்து முடிவு எடுத்தார்கள். நம் ஸ்ப்ரேயர் செக்‌ஷன் 16. இங்கே 2-ஏ குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பத்திரத்தைக் காட்டி நம் நிலத்துக்கு வேலி போட முடியாது.

அந்தத் தீர்ப்பை எல்லோரும் எல்லா இடத்திலும் காட்டத் தொடங்கியதும், 2022 ஜனவரி 5 அன்று மறைமுக வரிகள் வாரியம் அறிவுறுத்தல் எண் 1 வெளியிட்டது. வண்டிப் பாகங்களைப் பற்றியதுதான். ஆனால் செக்‌ஷன் குறிப்பு, அத்தியாயக் குறிப்பு, விலக்குகள் எல்லாவற்றையும் சேர்த்துப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அதிகாரிகள் கையில் அது இருக்கிறது.

எட்டு வருடமாகக் கேட்கவில்லை என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. 2011 முதல் சுயமதிப்பீடுதான். நீங்கள் எழுதியதை சிஸ்டம் அப்படியே விட்டுவிட்டால், அதிகாரி பார்த்து ஒப்புக்கொண்டார் என்று அர்த்தமில்லை. பின்னால் ஆடிட்டில் வரும். சுங்கச் சட்டம் 28-ஆம் பிரிவின்படி சாதாரணமாக இரண்டு வருடத்துக்குள் நோட்டீஸ். மறைத்தீர்கள் என்று சொன்னால் ஐந்து வருடம். வட்டி 15 சதவீதம். உங்களைப் பயமுறுத்தவில்லை, எட்டு வருடச் சரக்கு என்று பொதுவில் எழுதுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

#10 எட்டணா

🙂 புரிந்தது.

#11 பொள்ளாச்சி_ஸ்பேர்ஸ்

இன்னொரு எரிச்சல். க்வெரி போட்ட அதிகாரி நம் துறைமுகத்தில் இல்லையாமே? நேரில் போய்ப் பொருளைக் காட்டலாம் என்றால் ‘வேறு ஊரில் இருக்கிறார், யார் என்றே தெரியாது’ என்கிறார் புரோக்கர்.

#12 கரைக்காவலன்

முகமறியா மதிப்பீடு. 2020 ஜூன் 8 அன்று முதன்முதலில் சென்னையிலும் பெங்களூருவிலும் தொடங்கியது, அதுவும் முக்கியமாக 84, 85-ஆம் அத்தியாயச் சரக்குகளுக்கு. நம் தலையில்தான் முதல் பானை உடைந்தது. அதே வருடம் அக்டோபர் கடைசியில் நாடு முழுக்க வந்தது. பழைய காலத்தில் சாம்பிளை மேசையில் வைத்து ‘சார், இது ட்ரிகர்’ என்று அமுக்கிக் காட்டிவிட்டு வருவோம். இப்போது அந்த ட்ரிகர் எழுத்தில்தான் அமுங்க வேண்டும். இன்வாய்ஸில் ஒரு வரி மட்டும் எழுதிய சப்ளையர்தான் உங்கள் முதல் எதிரி, அதிகாரி இல்லை.

#13 கணக்கர்மகன்

உள்ளே நுழைவதற்கு மன்னிக்கவும். நான் ஜிஎஸ்டி பக்கம். நீங்கள் எல்லோரும் 8413-ஆ 8424-ஆ என்று அடித்துக்கொள்கிறீர்கள், ஆனால் 8424-க்குள்ளேயே முழு மெஷினுக்கும் பாகத்துக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது.

2018 ஜனவரி 25 அன்று ‘மெக்கானிக்கல் ஸ்ப்ரேயர்’ 12 சதவீதத்துக்கு வந்தது. கையால் அடிப்பது மட்டும்தானா, பேட்டரி, இன்ஜின் வைத்ததும் சேருமா என்று சண்டை. 2019 அக்டோபரில் வந்த 113-ஆம் எண் சுற்றறிக்கை, கையால் இயக்கினாலும் இல்லாவிட்டாலும் எல்லா வகை மெக்கானிக்கல் ஸ்ப்ரேயரும் சேரும் என்று தீர்த்துவைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம் ஆகிவிட்டது.

பாகம்? அந்த வரியில் ‘பாகங்கள்’ என்ற சொல்லே இல்லை. ஆகவே 18. உழவுக் கருவிகளுக்கான 8432-இல் பாகங்களையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள், இங்கே விட்டுவிட்டார்கள்.

இறக்குமதிக் கணக்கில் பாருங்கள். 8424-க்கு அடிப்படைச் சுங்கம் 7.5, அதன்மேல் பத்தில் ஒரு பங்கு சமூகநலக் கூடுதல் வரி, ஆக 8.25. நூறு ரூபாய்ச் சரக்கு 108.25 ஆகிறது. அதன்மேல் ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்குக் கட்டும் ஜிஎஸ்டி) 18 என்றால் மொத்தம் 27.735 ரூபாய். முழு ஸ்ப்ரேயராக வந்தால் 5 சதவீதம்தான், மொத்தம் 13.66. முழுதாகக் கொண்டுவந்தால் பாதி வரி, துண்டாகக் கொண்டுவந்தால் முழு வரி. பழுது பார்க்கிற வரப்போரம் அண்ணன் மாதிரி ஆட்களுக்குத்தான் பாகம் தேவை. சட்டம் எழுதியவர்கள் அவரைப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

#14 வரப்போரம்

அதுதானே! ஒரு பம்பு போனால் மிஷினையே தூக்கி எறி என்கிறார்களா?

#15 மூட்டைமுடிச்சு

ஒரு சந்தேகம். 2021-இல் ஒரு சுற்றறிக்கை, பாகமாக இருந்தாலும் குறைந்த விகிதம் என்று சொன்னதாக ஞாபகம். அதைக் காட்டி நாசிலுக்கு 5 கேட்கலாமே?

#16 கணக்கர்மகன்

155-ஆம் எண், 2021 ஜூன் 17. அதே வரிசை எண்ணைப் பற்றியதுதான், ஆனால் ஸ்பிரிங்க்ளர், சொட்டுநீர் அமைப்புகளின் லேட்டரல் (கிளை) குழாய், பாகங்கள் பற்றி மட்டும் பேசுகிறது. குறிப்பு 2-பி-யின்படி அவற்றுக்கே உரிய பாகமாக 8424-இல் வந்தால் குறைந்த விகிதம், பொதுப் பாகமாக வேறு தலைப்புக்குப் போனால் அந்தத் தலைப்பின் விகிதம் என்று முடித்துவிட்டது. மெக்கானிக்கல் ஸ்ப்ரேயரும் அதே வரியில்தானே இருக்கிறது, அதே நியாயம் அதற்கும் பொருந்தும் என்று வாதாடலாம். எழுதப்படாததை எழுதியதாகக் காட்டி பில் ஆஃப் என்ட்ரி போட வேண்டாம். வேண்டுமானால் 18 கட்டி, அதை விற்பனை ஜிஎஸ்டியில் கிரெடிட்டாகக் கழித்துக்கொண்டு, அட்வான்ஸ் ரூலிங் (முன்கூட்டியே கேட்டு வாங்கும் தீர்ப்பு) கேளுங்கள். சுங்கத்துக்கான அத்தாரிட்டி டெல்லியிலும் மும்பையிலும் இருக்கிறது. கட்டணம் பத்தாயிரம் ரூபாய்.

#17 மூட்டைமுடிச்சு

அப்போ எல்லாப் பாகத்தையும் ஒரே கன்டெய்னரில் போட்டு, ‘பிரித்து வைத்த ஸ்ப்ரேயர்’ என்று சொல்லிவிடலாமே! 5 சதவீதம்.

#18 கரைக்காவலன்

அதற்கும் விதி இருக்கிறது. பொது விளக்க விதி 2-ஏ. (குறிப்பு 2-ஏ வேறு, விதி 2-ஏ வேறு. இரண்டையும் ஒருமுறையாவது மாற்றிச் சொல்லாத புரோக்கர் கிடையாது, நான் உட்பட.) பிரித்து வைத்த பொருளும், முழுமை பெறாவிட்டாலும் முழுப் பொருளின் அடிப்படைத் தன்மை வந்துவிட்ட பொருளும் முழுப் பொருளாகவே கருதப்படும். உண்மையிலேயே 500 டேங்க், 500 பம்பு, 500 லான்ஸ் என்று ஜோடி சேர்ந்து வந்து, இங்கே திருகி மாட்டுவது மட்டும்தான் வேலை என்றால், தோளில் சுமக்கும் வகைக்கு 8424 41 என்றே போடலாம். போடவும் வேண்டும். இந்தத் துணைத் தலைப்பு 2017-இல் வந்தது, அதற்கு முன் 8424 81. சில சப்ளையர்கள் இன்னும் பழைய எண்ணையே எழுதி அனுப்புகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பொள்ளாச்சி அண்ணன் சரக்கு அப்படி இல்லை. பம்பு இருநூறு, நாசில் மூவாயிரம், ஓ-ரிங் மூட்டை மூட்டையாக என்று இருந்தால் எந்தக் கணக்கில் ஜோடி சேர்ப்பீர்கள்? அது கடைச் சரக்கு.

#19 பொள்ளாச்சி_ஸ்பேர்ஸ்

என் சரக்கைப் பார்த்த மாதிரியே சொல்கிறீர்கள். பம்பு 220, நாசில் 3,000.

நேற்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பம்பு 8413-க்குப் போனாலும் அதே 7.5, அதே 18. ஒரு ரூபாய் வித்தியாசமில்லை. பைப்பும் ட்ரிகரும் கொஞ்சம்தான் இருக்கின்றன, தனியாகப் பார்க்க வேண்டும். ரப்பர் சாமான்களின் மதிப்பு 20,000. அதற்கு 10 சதவீதச் சுங்கம், எல்லாம் சேர்த்து 30.98. ஆக 649 ரூபாய் கூடுதல். இந்த 649 ரூபாய்க்காகப் பதினொரு நாளாகச் சரக்கு நிற்கிறது. கிடங்கு வாடகை இதுவரை 9,000 தாண்டிவிட்டது.

#20 கணக்கர்மகன்

649-இலும் ஐஜிஎஸ்டி கிரெடிட்டாகத் திரும்பிவிடும். கையைவிட்டுப் போவது 550 தான்.

#21 வரப்போரம்

550 ரூபாய்க்கு இத்தனை புத்தகமா!

எனக்கு ஒரு கேள்வி. அண்ணன் கொண்டுவந்த நாசிலில் உள்ளே வெள்ளைத் தட்டு இருக்குமே, கூம்பு மாதிரி மருந்து வரும் வகையில். பித்தளைத் தட்டு ஒரு சீசனில் தேய்ந்து ஓட்டை பெரிதாகிவிடும், மருந்து வீணாகும். வெள்ளைத் தட்டு தாங்கும். அது பீங்கான் வகை. நாங்கள் அந்தத் தட்டை மட்டும் தனியாக வாங்குவோம். அதற்கு என்ன நம்பர்?

#22 கரைக்காவலன்

அண்ணே, நீங்கள் பேசாமல் இந்தத் தொழிலுக்கு வந்துவிடுங்கள்.

84-ஆம் அத்தியாயத்தின் முதல் குறிப்பிலேயே, எந்தப் பொருளால் செய்த மெஷினாக இருந்தாலும் அதன் செராமிக் பாகங்கள் இந்த அத்தியாயத்தில் வராது, 69-க்குப் போ என்று இருக்கிறது. செராமிக் தட்டு தனியாக வந்தால் 6909. அதிலும் மோஸ் கடினத்தன்மை 9-ம் அதற்கு மேலும் என்றால் 6909 12. அலுமினா தட்டுகளுக்கு இந்தக் கேள்வி வரும். சப்ளையரிடம் சான்று கேட்க வேண்டும்.

தட்டு, பிளாஸ்டிக் உடல், தொப்பி எல்லாம் சேர்ந்து முழு நாசிலாக வந்தால் அது நாசில், 8424 90. விளக்கக் குறிப்பில் பெயர் சொன்ன பொருள். உள்ளே ஒரு செராமிக் துண்டு இருப்பதால் முழு நாசிலும் பீங்கான் ஆகிவிடாது.

பொள்ளாச்சி அண்ணே, உங்கள் 3,000 முழு நாசிலா, வெறும் தட்டா?

#23 பொள்ளாச்சி_ஸ்பேர்ஸ்

2,000 முழு நாசில். 1,000 தட்டு மட்டும். 😐

#24 கரைக்காவலன்

க்வெரியில் அதைக் கேட்கவில்லை. ஆனால் பிரித்து எழுதும்போது நீங்களே தனி வரியாகக் காட்டிவிடுங்கள். கேட்காததை நாமே சொன்னால் மறைத்தோம் என்ற பேச்சு பின்னால் வராது.

இன்னொன்று. ஓ-ரிங்கும் வேறு பொருளில் செய்த கேஸ்கெட்டும் கலந்து சிறு பாக்கெட்டில் ‘ரிப்பேர் கிட்’ என்று வந்திருந்தால் சொல்லுங்கள். அது 4016 இல்லை, 8484. பாக்கெட்டில் இருப்பது எல்லாமே ரப்பர் என்றால் 4016 தான்.

#25 கணக்கர்மகன்

அடுத்த முறை பேட்டரியும் சேர்த்துக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் இப்போதே யோசியுங்கள். 8507-க்குப் போவதோடு விஷயம் முடியாது. பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-இன்படி இறக்குமதியாளரும் உற்பத்தியாளர் கணக்கில் வருகிறார், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு வேண்டும். லித்தியம் என்றால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவும் உண்டு. ‘ஸ்ப்ரேயர் பாகம்’ என்ற ஒரு வரிக்குள் பேட்டரியை ஒளித்தால் அது வரி வித்தியாசமாக நிற்காது.

#26 பொள்ளாச்சி_ஸ்பேர்ஸ்

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சப்ளையரிடம் பதினான்கு வரியில் புது பேக்கிங் லிஸ்ட் வாங்கினேன். ஒவ்வொரு பொருளையும் ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். டேங்க், மூடி, லான்ஸ், முழு நாசில் ஆகியவற்றுக்கு 8424 90 என்றே நின்றோம், விளக்கக் குறிப்பின் பக்கத்தை இணைத்தோம். பம்பு, ட்ரிகர், பைப், ரப்பர் எல்லாம் அவரவர் தலைப்புக்குப் போயின. செராமிக் தட்டு 6909 என்று நாங்களே எழுதினோம். மூன்றாம் நாள் அசெஸ்மென்ட் முடிந்தது. மூடியைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

சரக்கு நேற்று மாலை கடைக்கு வந்தது. பெட்டியைப் பிரித்தால் ட்ரிகர்களில் பாதி லான்ஸோடு பொருத்தியே வந்திருக்கின்றன. பேக்கிங் லிஸ்டில் தனித்தனி என்று எழுதியிருக்கிறார் மகராசன்.

#27 கரைக்காவலன்

போட்டோ எடுத்து வையுங்கள். இன்றைக்கே உங்கள் புரோக்கரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லுங்கள், பில் ஆஃப் என்ட்ரியைத் திருத்த வேண்டுமா என்று அவர் பார்க்கட்டும். சப்ளையருக்கு நான் ஒரு மெயில் எழுதித் தருகிறேன், கொஞ்சம் காரமாக.